பெரிசா ஒண்ணுமில்ல

படிவத்தின் இரண்டாம் பக்கம்:
வெள்ளத்தில் நீங்கள் இழந்தவை,
மதிப்பு ரிங்கிட்டில்.
நான்கு கோடுகள்தாம் அச்சிட்டிருந்தார்கள்.
ஹார்டன் தோட்டத்து லயங்களில்
அந்த நான்குமே மிஞ்சிப் போயின.

என் கையெழுத்து அழகாக இருக்கும்,
அதனால்தான் வடிகால் இலாகா என்னை அனுப்புகிறது.

சன்னாசி வாளி வாளியாகச்
சேற்றை வெளியே வீசிக்கொண்டே சொன்னார்:
"பெரிசா ஒண்ணுமில்லம்மா."
ஒரு மெத்தை. எழுதினேன்.
ஞானமேரி கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு,
"கேக்குறீங்களேன்னு சொல்றேன், அரிசிதான். பத்துக் கிலோ."
முப்பத்தைந்து ரிங்கிட். எழுதினேன்.
அப்பளசாமி என்னையே கேட்டார்
பசியாறிட்டீங்களா என்று.
அவர் வீட்டு அடுப்பு
வேலிமேல் தலைகீழாக
உலர்ந்துகொண்டிருந்தது.

அதே வாரம் பத்து காவானிலிருந்து
ஒரு கிடங்கு நிறுவனம்
படங்களோடு பதினான்கு பக்கம் அனுப்பியது.
நனைந்த அட்டைப்பெட்டிகளுக்குக்கூட
வரிசை எண் போட்டிருந்தார்கள்.
பொய் ஒன்றும் இல்லை அதில்.

சூத்திரமும் நேர்மையானதுதான்:
தவிர்க்கக்கூடிய இழப்பைச்
செலவால் வகுக்க வேண்டும்.
வகுத்தேன்.
சுங்கை பெரெம்பாங்கின் கீழ்முனை
முப்பத்தேழு பணிகளில்
முப்பத்தொன்றாவதாகப் போய் உட்கார்ந்தது.
பணம் பத்தொன்பதோடு தீர்ந்தது.
பொறியாளர் ஹோ கையெழுத்திடும் முன்
பேனாவால் மேசையைத் தட்டினார்.
"அங்கே யாரிடமும் எதுவுமே இல்லையா?"
கேலியில்லை.
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறு நவம்பர்.
அதிகாலை மூன்றரைக்குக் கடல் ஏற்றம்,
மதகு சாத்தியிருந்தது,
மழை உள்ளே நின்றது.
போக வழியில்லாத ஆறு
வந்த வழியே திரும்பிச்
செம்பனை வரிசைகளைத் தாண்டி
லயத்துக் கதவுகளுக்கு வந்தது.

இந்த முறை
என்ன போச்சு என்று நான் கேட்கவில்லை.
ராத்திரி எதைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்க என்றேன்.
சன்னாசி சிரித்தார்,
"சேவலை. எதுக்குன்னு இன்னும் தெரியல."
பிறகு கேட்டேன்,
எதைத் தூக்க முடியல?

சேறு காய்ந்து வெடிக்கும்வரை பேசினார்கள்.
ஞானமேரியின் ஐஸ்பெட்டி, அதற்குள்
இரண்டு மாத இன்சுலின்.
சன்னாசி மகள் கொலுசுமணியின் தையல் இயந்திரம்,
அதன்மேல் ஊராருக்கு
அளவெடுத்து வெட்டிய ஒன்பது ரவிக்கைகள்.
துணிக்கு விலை உண்டு, கூலிக்கும் உண்டு.
மூன்று கல்யாண வீடுகளில்
அவள் பெயர் கெட்டதற்கு
நான் எந்தக் கட்டத்திலும் இடம் காணவில்லை,
ஓரத்தில் எழுதினேன்.
அப்பளசாமியின் மோட்டோ.
கையுறைத் தொழிற்சாலையில்
அது ஓடாததால் போன ஆறு நாள் சம்பளம்.
பக்கத்துக் கம்பத்து மக் சித்தே
தானாக வந்து நின்றார்,
"என் ஆடுகளையும் எழுதுவாயா?"
எழுதினேன், ஒவ்வொன்றின் வயதோடு.

இணைப்புத் தாள் என்று ஒன்று
விதியிலேயே இருக்கிறது.
அதுவரை எவரும் கேட்டதில்லை.
பதினான்காவது தாள் தீர்ந்தபோது
அதன் பின்பக்கத்திலும் எழுதினேன்.
ஸ்டேப்ளர் ஊசி நுழையவில்லை,
நூல் கோத்துக் கட்டினேன்.

ஹோ முழுதும் வாசித்தார்.
ரவிக்கைப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.
பிறகு நான் வகுத்தேன்,
கணினியும் வகுத்தது,
விடை ஒன்றாகவே வந்தது:
இருபத்திரண்டு.
இந்த ஆண்டு ஒதுக்கீடு இருபதுவரை.

பட்டியல் ஒட்டிய மாலையே
ஞானமேரி தொலைபேசியில் வந்தார்.
எண்ணைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்,
அதை யாரோ நிறுத்தும் சத்தம்.
"ரெண்டு எடம்தானம்மா.
பெரிசா ஒண்ணுமில்ல.
புது ஐஸ்பெட்டிக்குக் கீழே
இன்னும் ரெண்டு செங்கல்
வெச்சிருக்கேன்."